ஆமென் சொல்லாமல் நீண்ட ஜெபம்

இரண்டு வருஷத்துக்கு முந்தின மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. தாராவியில் எங்கள் சந்தின் கடைசி வீட்டு மாடியறையில் பெண்கள் உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. பாய் விரித்து ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கீழே தோல் பட்டறையில் மெஷின் ஓடுகிற சத்தம், மேலே நான் ஜெபம் பண்ணுகிற சத்தம். எது பெரிசு என்று கேட்டால் பட்டறைக்காரரே என் பெயரைத்தான் சொல்வார்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள். வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். எங்கள் மெதடிஸ்ட் தமிழ்ச் சபையில் போதகர் ஒருவர்தான், அவருக்கு ரெண்டு சபை. இங்கே ஆராதனை முடித்த கையோடு அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடுகிற மனுஷன், ஒவ்வொரு வீட்டையும் எப்படிப் பார்ப்பார்? அதனால் வீடுகளைப் பத்து பத்தாகப் பிரித்து, வகுப்பு என்று பேர் வைத்து, சபையாரிலேயே ஒருவரை அதற்குத் தலைவராகப் போடுவது எங்கள் வழக்கம். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யார் ரெண்டு ஞாயிறாக வரவில்லை, இதையெல்லாம் வகுப்புத் தலைவர்தான் போய் விசாரிக்க வேண்டும். பதினோரு வீட்டுக்கு நான் அப்போது பன்னிரண்டு வருஷமாகத் தலைவி.

எனக்கு ஒரு பெருமை உண்டு. ஜெபம். தாளில் எழுதிப் படிக்க மாட்டேன். கண்ணை மூடினால் போதும், வாய் தானாகத் திறந்துவிடும். அரை மணி நேரம் மூச்சு விடாமல் பண்ணுவேன். “யக்கா ஜெபிச்சா மழையே பெய்யும்” என்பார்கள். அந்த மாடி வீட்டுக்காரி மட்டும், “மழை பெஞ்சா எப்பவாது நிக்கணும்லா யக்கா” என்று இடிப்பாள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அந்த வாரம் புதன்கிழமை, என் வகுப்பில் இருக்கிற ஒருத்தி என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்ப்பவள். அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே நான்தான். மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மூன்று நாளாக ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள். வெள்ளிக்கிழமை ரிசல்ட்.

“அவருக்குத் தெரியும் யக்கா. பிள்ளைக்குத் தெரியாது. பத்தாவது எழுதுதாள்லா. இன்னும் மூணு பேப்பர்தான். அது முடியட்டும், நானே சொல்லிக்கிடுதேன். அதுவரைக்கும் உங்க காதோட இருக்கட்டும்.”

அவள் வீட்டுக்காரர் அம்பர்நாத்தில் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவார். இங்கே தாயும் மகளும் மட்டும். “என் வாயிலிருந்து வெளியே போகாது” என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளை யூனிஃபார்மில் வந்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து வேதபுத்தகத்தின் மேல் வைத்து ஜெபம் பண்ணிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு ஜியாமெட்ரி. செம்பூரில் சென்டர். பத்தரைக்குள் உள்ளே இருக்க வேண்டும், பதினொன்றுக்குப் பேப்பர். “ஆன்ட்டி, ஜல்தி பண்ணுங்க, பஸ் பிடிக்கணும்” என்று சொல்லி டிக்கெட்டை வைத்துவிட்டு என் பின்னால் முட்டி போட்டாள்.

டிக்கெட்டின் மேல் கையை வைத்தேன். கண்ணை மூடினேன். ஞாபக சக்திக்காக ஜெபித்தேன், பேனாவுக்காக, கைக்காக, திருத்துகிற வாத்தியாருக்காக எல்லாம் ஜெபித்தேன். அங்கே ஆமென் சொல்லி டிக்கெட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் வாய் சூடாகிவிட்டது. கையை எடுக்காமலே அடுத்த விண்ணப்பத்துக்குத் தாவினேன். பின்னால் ஒரு பிள்ளை என் கைக்குக் கீழே இருக்கிற காகிதத்துக்காகக் காத்திருக்கிறாள் என்பதே மறந்துபோனது.

விதவைகளுக்காக ஜெபித்தேன். வேலை இல்லாதவர்களுக்காக. அப்புறம் வியாதியஸ்தருக்காக. “ஆண்டவரே, எங்க வகுப்புல ஒரு மகள். பேர் உமக்குத் தெரியும். மாருல கட்டியோட, இந்த நேரத்துல ஆஸ்பத்திரியில ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கா. பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கட்டும்னு வெளியே சொல்லாம வேலைக்குப் போறதாச் சொல்லிட்டுப் போறா…”

பேர் சொல்லவில்லை, பாருங்கள். பேர் சொல்லாவிட்டால் ரகசியத்தைக் காப்பாற்றியாயிற்று என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். பதினோரு வீட்டில் அந்த வருஷம் பத்தாவது எழுதுகிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான் என்பது அந்த நேரம் என் புத்திக்கு எட்டவில்லை.

வழக்கமாக நடுநடுவே ‘ஆமென், ஸ்தோத்திரம்’ என்று குரல் வரும். அன்றைக்கு வரவில்லை. ஜெபம் ஆழமாகப் போகிறது போல என்று நினைத்து இன்னும் ரெண்டு நிமிஷம் இழுத்தேன். கண்ணைத் திறந்தபோது எட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் திரும்பினேன். பிள்ளை இல்லை. வாசலில் செருப்பும் இல்லை. என் கைக்குக் கீழே ஹால் டிக்கெட் அப்படியே இருந்தது.

மாடி வீட்டுக்காரிதான் வாயைத் திறந்தாள். “யக்கா, பிள்ளைய வச்சுக்கிட்டே சொல்லிட்டியளே!”

“பிடிச்சு நிறுத்தப்படாதா?”

“உங்க கையப் பிடிச்சு உலுக்குனேன், நீங்கதான் கண்ணத் தொறக்கல. அதுக்குள்ள அவ ஏணியில இறங்கிட்டா. ‘ஏட்டி, ஏட்டி’ன்னு கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போயிற்று. நான் கெடுத்தது ஒரு வீட்டை.

மணி ஒன்பது இருபத்தைந்து. ஹால் டிக்கெட்டை வேதபுத்தகத்துக்குள் வைத்து இடுக்கிக்கொண்டு இறங்கினேன். முதலில் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டேன், வரவில்லை என்றார்கள். தாய்க்கு போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். அந்தச் சந்தில் நின்று யோசித்தேன். ஆஸ்பத்திரி எது என்று பிள்ளைக்குத் தெரியாது. அம்மா என்றால் அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் மாட்டுங்கா வீடு. அங்கே இருந்தால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும் அல்லவா? அதைப் பார்க்கத்தான் போயிருப்பாள்.

மெயின் ரோட்டுக்கு வந்து டாக்ஸியைக் கை காட்டினேன். ரெண்டு நிற்கவில்லை. மூன்றாவது டாக்ஸியின் முன்னால் போய் நின்றேன். ‘மர்னா ஹை க்யா!’, சாகவா பார்க்கிறாய் என்று கத்தினபடி அவர் கதவைத் திறந்தார். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அன்றைக்கு மாட்டுங்கா என்று சொல்லவும் மறந்து ‘சலோ, சலோ’ என்று கத்தினேன்.

பழைய கட்டடம், மூன்றாவது மாடி. கம்பிக்கதவு லிஃப்ட் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. கதவைத் திறந்த வீட்டுக்கார மாமி என்னைப் பார்த்ததும், “நீங்களா? அவ நாலு நாளா வரல்லையே. இப்பத்தான் பொண்ணும் வந்து கேட்டுட்டுப் போறா. முகமே சரியில்லை. என்ன ஆச்சு?” என்றார்.

“எப்போ போனா மாமி?”

“இதோ, படியிலதான் இறங்கினா. நீங்க பார்க்கல்லையா?”

நான் லிஃப்டில் ஏறும்போது அவள் படியில் இறங்கியிருக்கிறாள். திரும்பிப் படியில் ஓடினேன். “பரீட்சை இல்லையோ அவளுக்கு? ஓடுங்கோ, ஓடுங்கோ!” என்று மாமியின் குரல் மூன்று மாடியும் துரத்திக்கொண்டு வந்தது. கீழே வாட்ச்மேன் சர்க்கிள் பக்கம் கை காட்டினார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். பரீட்சைக்குப் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் கையில் போனும் இல்லை. எந்த பஸ் வந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றாள், எதிலும் ஏறவில்லை. ஏறி எங்கே போவாள்? கிட்டே போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். அழுதிருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அது உங்க அம்மா இல்லட்டி…” என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பாதி சொல்லியும் விட்டேன்.

“ஜூட் மத் போலோ ஆன்ட்டி, பொய் வேண்டாம். அம்மா நாலு நாளா வேலைக்கே வரலன்னு மாமி சொல்லிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்: “நீங்க ஜெபம் பண்ணினீங்களா, நியூஸ் வாசிச்சீங்களா?”

வேதபுத்தகத்தைத் திறந்து ஹால் டிக்கெட்டைக் காட்டினேன்.

“எக்ஸாம் எனக்கு வேண்டாம். எந்த ஆஸ்பத்திரி? அது மட்டும் சொல்லுங்க.”

மணி பத்து ஐந்து. ஒரு டாக்ஸியை நிறுத்தினேன். “ஏறு தாயி. எங்க போறதுன்னு உங்க அம்மாவே சொல்லட்டும்” என்றேன். ஏறினாள். ஆஸ்பத்திரி தெற்கே. செம்பூர் கிழக்கே. டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்து, “போலோ, கிதர் ஜானா ஹை?” என்று போகிற இடம் கேட்டார். நான் போனைப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும். ஸ்விட்ச் ஆஃப். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. மீட்டர் ஓடுகிறது, வண்டி ஓடவில்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “சொல்லலன்னா இறங்கிப் போய்ட்டே இருப்பேன்” என்று கதவில் கை வைத்தாள். பிடித்து வைக்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

அந்த நேரத்தில் போன் அடித்தது. தாய்தான். டாக்டர் அறையில் இருந்து இப்போதுதான் வெளியே வந்தாளாம். ரெண்டே வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை, பூசி மெழுகவும் இல்லை. அப்புறம், “பிள்ளைட்ட குடுங்க” என்றாள்.

தாய் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மகள் பக்கம் மட்டும்தான் கேட்டது. “ம்.” “ம்.” “பொய் சொல்லக் கூடாது.” “சாப்பிட்டியா நீ?” அப்புறம், “சரி.” அந்த ‘சரி’யில்தான் குரல் உடைந்தது. போனை என் மடியில் போட்டுவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்து, டாக்ஸிக்காரரிடம் அவளே சொன்னாள்: “செம்பூர் சலோ பையா. ஜல்தி.”

சயான் சர்க்கிளில் வண்டி நின்றபோது மணி பத்து இருபத்தைந்து. ஒரு லாரி, ஒரு பஸ், நடுவில் நாங்கள். அவள் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபமோ ஜியாமெட்ரித் தேற்றமோ. நான் வாயைத் திறக்கவே இல்லை.

சென்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து நாற்பத்தைந்து. கேட் சாத்தியிருந்தது. பியூன் கையை விரித்தார். நான் வேதபுத்தகத்தில் இருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில், “தப்பு என்மேல், டிக்கெட் என் கையில் இருந்தது, பிள்ளைமேல் தப்பில்லை” என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு டீச்சர் நின்றார். டிக்கெட்டைப் பார்த்தார், பிள்ளை முகத்தைப் பார்த்தார். யாரிடமோ போய்ப் பேசினார். திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், எனக்கு ஒரு யுகம். “ஆத் யே, லவ்கர்” என்று மராத்தியில் அவசரப்படுத்தி உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடியும் போன். “யக்கா, உள்ள போயிட்டாளா?”

“போயிட்டா.”

“நீங்க அங்கயே நில்லுங்க. நகரப்படாது. வெளிய வந்ததும் நேரா எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க.” அவ்வளவுதான். ரிசல்ட் என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

எதிர் ஃபுட்பாத்தில் ரெண்டு மணி நேரம் நின்றேன். வெயில் நடு மண்டையில். பகலில் பக்கம் பார்த்துப் பேசு, ராத்திரியில் அதுவும் பேசாதே என்று ஒரு பேச்சு உண்டு. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஜெபத்துக்கு அது பொருந்தாது என்று எனக்கு யார் சொன்னது? கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்தில் யாரும் இல்லை என்று ஆகிவிடுமா? ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பன்னிரண்டு வருஷமாக யார் யார் வீட்டுக் கதவையெல்லாம் இப்படித் திறந்து போட்டேனோ என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வரத்தொடங்கியது. வெயிலைவிட அதுதான் சுட்டது.

பிள்ளை வெளியே வந்து, “ஒரு ப்ரூஃப் விட்டுட்டேன்” என்றாள். டாக்ஸி பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் தாயைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கட்டி கெட்ட கட்டிதான். ஆனால் ஆரம்ப நிலை, ஆபரேஷன் செய்து மருந்து ஏற்றினால் சரிப்படுத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தூரத்தில் ஒரு தூண் பக்கமே நின்றுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வகுப்புப் பெயர்ப் பட்டியலைப் போதகர் கையில் கொடுத்து, வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “இதை நான் தீர்மானிக்க முடியாதும்மா. அந்த வீட்டுல போய்க் கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான்” என்றார். அந்த நாற்பது அடி தூரத்தை நடக்க எனக்கு ரெண்டு நாள் ஆனது.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன்.

“உங்கமேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய் யக்கா” என்றாள். “பிள்ளைகிட்ட நான் சொல்லணும்னு எத்தனை ராத்திரி வார்த்தை கோத்து வச்சிருந்தேன் தெரியுமா? அத நீங்க எடுத்துக்கிட்டிய. லீடரா இருங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா எனக்காக இனிமே சத்தமா ஜெபம் பண்ணாதிய.” தண்ணீரை வடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சேர்த்துச் சொன்னாள்: “மருந்து ஏத்தப் போறப்போ கூட ஒரு ஆள் வேணும். அவருக்கு லீவு கிடைக்காது. வந்து உக்காருதிய?”

ஆறு தடவை போனேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். முதல் தடவை வாய் துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை அவளே என் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். இப்போது அவள் தேறிவிட்டாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு வருகிறாள். சபையில் ஜெபிக்க என்னைக் கூப்பிட்டால் மூன்று நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன். பன்னிரண்டு வருஷம் தலைவி என்ற பேரோடு எத்தனையோ பேசியிருக்கிறேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் தலைவியின் வேலையை முதல்முதலாகச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.