சமாதானம் சொல்லி அனுப்பு

பெற்றவர்கள் அவனுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். தெருவில் அதை யாரும் சொல்வதில்லை. "மாநாடு" என்றால்தான் தெரியும். சரித்திரத்தில் முதுகலை முடித்து, அதற்கு மேலும் ஏதோ ஆராய்ச்சி என்று இன்னும் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான். வயது முப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தெருக்குழாயில் இரண்டு பேர் தண்ணீருக்கு முட்டிக்கொண்டால் நடுவில் போய் நின்று, "எல்லாரும் உட்கார்ந்து ஒரு மாநாடு மாதிரிப் பேசினா தீர்ந்துடும்" என்பான். அவன் பேசி முடிப்பதற்குள் தண்ணீர் நின்றுவிடும். அப்படி ஒட்டிக்கொண்ட பேர்.

ஐரோப்பா என்றால் அவனுக்கு உயிர். அங்கே போனதில்லை, போகிற மாதிரியும் இல்லை. ஆனால் எந்த ராஜா எந்த ராஜாவுக்கு மச்சான், எந்த ஆற்றுக்கு இந்தப் பக்கம் யாருடையது, எந்த உடன்படிக்கையில் யார் யார் தலையில் மிளகாய் அரைத்தார்கள் என்று சம்பந்தி வீட்டு வம்பு மாதிரி ஒப்பிப்பான். அது போதாதென்று இந்தக் காலத்து உலகக் கவலை வேறு. பனிமலை உருகுகிறது, கடல் ஏறுகிறது, அகதிகளைக் கம்பிவேலி போட்டுத் தடுக்கிறார்கள் என்று நெஞ்சில் கை வைத்துப் பேசுவான். அவன் குளித்துவிட்டு வந்த அறையில் குழாய் திறந்தபடியே கிடக்கும். கடல் ஏறுவதைக் கண்டவனுக்கு வாளி வழிவது கண்ணில் படாது.

அவன் படிப்புக்கு உழைத்தது அவன் அக்கா. சட்டைத் தொழிற்சாலையில் காஜா எடுக்கிற வேலை. சட்டையில் பொத்தான் நுழைகிற துளை இருக்கிறதே, அதுதான் காஜா. அங்கே அவளுக்குப் பேரே காஜா அக்கா. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பியைக் கரையேற்றியது அந்தத் துளைகள்தான். அத்தனை ஓட்டை போட்டும் இவன் மண்டைக்குள் வெளிச்சம் போகவில்லை.

அக்காவைச் சொந்தக்காரர்கள் ஒரு டயர்க்கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வாய் சர்க்கரை, கை இரும்பு. ஒருநாள் ஏதோ பேச்சு முற்றி, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கதவை அடித்துச் சாத்தினார். ஆள்காட்டி விரல் நசுங்கியது. நகம் விழுந்து, புதிதாய் வந்த நகமும் கோணலாகவே வளர்ந்தது. காஜா எடுக்கிறவளுக்கு விரல்தான் சோறு. அந்த விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, தன் தையல் மெஷினையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு தம்பியிடம் வந்து சேர்ந்தாள்.

அந்த வீட்டில் இருந்ததே முன்னறையும் சமையலறையும்தான். ஜன்னலும் மின்விசிறியும் முன்னறையில். மெஷின் அங்கே வந்ததும் மாநாட்டின் மேசை சமையலறைக்குப் போனது. பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் பிரெஞ்சுப் புரட்சி, அடுப்புக்கு மேலே இரண்டு உலகப் போர்கள். வெந்நீர் கொதித்தால் அட்டையெல்லாம் சுருண்டுகொண்டது. வீட்டு வாடகை கொடுக்கிறவள் அவள் என்பது அவனுக்கு மறந்துபோனது. கல்லூரி நண்பனிடம், "எங்க வீட்லயும் அகதிப் பிரச்சினைதான்டா" என்று சொல்லிச் சிரித்தான். எல்லைகளைத் திறந்துவிட வேண்டும் என்று அதே வாரம்தான் ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தான்.

கல்லூரியில் ஒரு கருத்தரங்கு வந்தது. "நவீன ஐரோப்பா உலகுக்குச் சொல்லும் பாடம்" என்று இவன் பேச வேண்டும். வாரக் கணக்கில் கண்ணாடி முன் நின்று கையை ஆட்டினான். அக்கா மெஷினை மிதித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்காமல் இருக்க அந்த வீட்டில் வேறு இடம் ஏது?

"சின்ன நாடு செக்கோஸ்லோவாகியா. அதுல ஒரு பகுதி வேணும்னு ஜெர்மனி மிரட்டுது. இதுதான் என் கடைசிக் கோரிக்கைன்னு சத்தியம் பண்றான் அதோட தலைவன். நாலு பெரிய நாட்டுத் தலைவர்கள் மூனிச் நகரத்துல உட்கார்ந்து, சரின்னு தூக்கிக் குடுத்துட்டாங்க."

"அந்தச் சின்ன நாட்டுக்காரங்க?"

"அவங்களை உள்ள விடல. ஓட்டல்ல காத்திருக்க வெச்சாங்க. முடிச்ச பிறகு தகவல் சொன்னாங்க."

"சாப்பாடாவது போட்டாங்களா?"

"அக்கா, இது சீரியஸான விஷயம்."

"ஊரையே பிடுங்கிக்கிட்டு வெறும் வயித்தோட அனுப்புனா அது சீரியஸ் இல்லையாடா?" என்று நூலைக் கடித்தாள்.

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பி, பேச்சின் உச்சிக்கு வந்தான். "குனியக் குனியக் குட்டுபவனும் மடையன். குட்டக் குட்டக் குனிபவனும் மடையன். ஐரோப்பா குனிந்தது. உலகம் எரிந்தது." சொல்லிவிட்டுக் கைதட்டலுக்கு இடம் விடுகிற மாதிரிக் கொஞ்சம் நிறுத்துவான். கண்ணாடிக்குள் இருந்த தாடிக்காரனுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் டயர்க்கடைக்காரர் ஆள் விட்டுச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை பேச வருகிறோம் என்று. அக்காவுக்கு முகம் இறுகிப்போனது.

"அன்னிக்கு எனக்கு ஓவர்டைம் இருக்கு. இல்லாட்டியும் அந்த மூஞ்சியப் பாக்க மாட்டேன். வந்தாங்கன்னா ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பிடு."

"சரிக்கா" என்றான்.

சமாதானம் சொல்லி அனுப்பு என்றால் என்ன? சாக்குப்போக்குச் சொல்லி வாசலோடு திருப்பு என்று அர்த்தம். பேசக் கற்ற பிள்ளைக்கும் தெரியும். சமாதானம் என்று காதில் விழுந்ததுமே இவனுக்கு வெள்ளைக்கொடியும் நீளமான மேசையும் கண்ணுக்குள் வந்துவிட்டன. சமாதானம் பேசு, பேசி முடித்து என்னை அனுப்பிவிடு என்று எடுத்துக்கொண்டான். யாரை அனுப்புவது என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும், ஜன்னலும் மின்விசிறியும் கைவிட்டுப் போய்விடும். காதுக்குக் கேட்டது ஒன்று, ஆசைக்குக் கேட்டது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். டயர்க்கடைக்காரரும் அவர் அண்ணனும். பொதுவாள் வேண்டுமென்று மாடியிலிருந்து ஹவுஸ் ஓனரையும் இறக்கிக்கொண்டார்கள். நாலாவதாக நம் ஆள். வந்தவர்கள் பெரிய பிஸ்கட் பொட்டலம் ஒன்றை அக்காவின் மெஷின் பலகையில் வைத்தார்கள். அவனே டீ போட்டு எடுத்து வந்தான். அக்கா வீட்டில் இருக்கும்போது அவன் அடுப்பைப் பற்றவைத்ததே இல்லை.

அண்ணன்தான் ஆரம்பித்தார். "புருஷன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும் தம்பி. கதவு காத்துல சாத்திருச்சு. அதுக்காக இத்தனை மாசமா?"

"காத்துலயா?" என்றான் மாநாடு.

"காத்துன்னே வெச்சுக்குவோமே" என்றார் ஹவுஸ் ஓனர். "அப்பத்தான் பேச்சு நகரும்."

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. அவன் படித்த பேச்சுவார்த்தைகள் எல்லாம் இப்படி ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டுதான் நகர்ந்திருக்கின்றன.

"எதுக்கும் அக்காவ ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை இழுத்தான்.

"அவளக் கேட்டா அழுவா மாப்ள" என்றார் டயர்க்கடைக்காரர். "நீ படிச்சவன். நாலு தேசத்துக் கதை தெரிஞ்சவன். நீ சொன்னா அது முடிவு. பாவம், உன்னக் கொண்டுபோய் அடுப்படியில உட்கார வெச்சிருக்கா. படிக்கிற பிள்ளைக்கு இது இடமா?"

படித்தவன் என்ற வார்த்தை உள்ளே போய் வேலை செய்தது. நாய்க்கு எலும்பு காட்டினால் வாலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இனிமே அக்கா மேல கை வைக்கக் கூடாது மாமா."

"சத்தியமா வைக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. அவ அந்தக் கம்பெனிக்கு இனி போகக் கூடாது. மெஷினும் அவளோட வர வேணாம். அவ்வளவுதான் நான் கேக்கறது. இதுக்கு மேல ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

இதுதான் கடைசி என்று ஐரோப்பாவில் ஒருத்தன் சொன்னதைக் கண்ணாடி முன் முஷ்டியை உயர்த்தித் திட்டியவன், இப்போது பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டு, "நியாயம்தான்" என்றான். புதன்கிழமை வண்டி கொண்டுவந்து கூட்டிப்போவது என்று முடிவானது. நாலு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் மேசையை முன்னறைக்கு இழுத்துவிட்டான். மெஷினைச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் தள்ளினான். சாயங்காலம் அக்கா வந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றில் தாடி பறக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

"மெஷின் ஏன்டா ஈரத்துல நிக்குது?"

"அக்கா, உட்காரு. எல்லாம் சுமுகமா முடிஞ்சது. புதன்கிழமை காலைல மாமா வந்து உன்னக் கூட்டிட்டுப் போறாரு."

அவள் உட்காரவில்லை. "யாரு முடிச்சா?"

"நீதானே சொன்ன, சமாதானம் சொல்லி அனுப்பிடுன்னு."

"அவங்கள அனுப்பச் சொன்னேன்டா. என்னையா அனுப்பச் சொன்னேன்?"

"அது தெளிவா இல்லக்கா. வாக்கியத்துல யாருன்னே வரலை."

"அடப்பாவி. சோத்தப் போடுன்னு சொன்னா யாருக்குன்னு கேட்டியாடா இத்தனை வருஷம்? தட்டத்தானே நீட்டுன?"

 வாய் சும்மா இருக்குமா? பெரிய சண்டையைத் தவிர்க்கச் சின்ன விட்டுக்கொடுத்தல் வேண்டும், உறவுகளில் ஒரு சமநிலை வேண்டும் என்று ஏதோ உளறினான். அக்கா கோணல் நகம் வளர்ந்த விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். திட்டுவதற்கு நீட்டவில்லை. பார் என்று நீட்டினாள். அவன் புத்தகத்தைப் பார்த்தான்.

"சரி, கேட்டுக்கோ" என்றாள். "கூப்பிட்டவன் நீ. புதன்கிழமை நீயே வாசல்ல நின்னு, நான் சொன்னது தப்பு, அக்கா வர மாட்டான்னு ஒரு வரி சொல்லு. நான் உள்ள நிக்கறேன். ஒரு வரிடா. உனக்குத் தொண்டையெல்லாம் நல்லாத்தானே இருக்கு."

"புதன்கிழமை எனக்குக் கருத்தரங்கு."

"அது சாயங்காலம். அவரு காலைல வர்றாரு."

"தயார் பண்ணணும்ல."

அக்கா மெஷினைத் துணியால் துடைத்து, ஈரமில்லாத மூலைக்கு நகர்த்தினாள்.  ஜன்னலோரத்தைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்காததே தனக்கு வெற்றி என்று அவன் நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கினான். பூனைகூடக் கொஞ்சம் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கும். நாளெல்லாம் நூலகத்தில் ஒளிந்துகொண்டு, சாயங்காலம் மேடை ஏறினான். பேச்சு அமோகம். குட்டக் குட்டக் குனிபவன் என்ற இடத்தில் அரங்கமே தட்டியது. துறைத்தலைவர் எழுந்து வந்து தோளில் தட்டினார். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து, "அந்தச் சின்ன நாட்டுக்காரங்கள உள்ள கூப்பிட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள். "அது தனி ஆய்வுக்குரியது" என்றான். அதற்கும் இரண்டு பேர் தட்டினார்கள்.

கையில் ஒரு கேடயத்தோடு வீட்டுக்கு வந்தால், வீடு பளிச்சென்று கிடந்தது. மெஷின் இல்லை. பை இல்லை. படிக்கட்டில் ஹவுஸ் ஓனர் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொல்ல ஆள் கிடைக்காமல் வாய் ஊறிப்போய் இருந்தார்.

"எங்க போய்த் தொலைஞ்ச? உங்க மாமா வேன் எடுத்துட்டு வந்துட்டாரு. உங்க அக்காகூட அந்தக் கம்பெனிப் பொம்பளைங்க ரெண்டு பேரு. ஆளுக்கொரு பக்கம் மெஷினத் தூக்கிட்டு வெளிய வர்றாங்க. கதவு காத்துல சாத்துனதுன்னு உன் தம்பியே ஒத்துக்கிட்டான், வாக்கும் குடுத்திருக்கான்னு அவரு குதிச்சாரு. அதுக்கு உங்க அக்கா என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன சொன்னா?"

"'குடுத்தது அவன்தானே, அப்ப அவனையே கூட்டிட்டுப் போங்க. டயர் உருட்டுவான், தண்ணி பிடிப்பான். கதவுல விரல வெச்சு நசுக்கினாக்கூட காத்துன்னு வெச்சுக்குவான். உங்களுக்கு ஏத்த ஆளு' அப்படின்னா. தெருவே சிரிச்சுதுப்பா. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன்."

"மாமா அடிக்கலையா?"

"கையத் தூக்கினாரு. ஒரு பொம்பள துணி வெட்டற கத்தரிக்கோலைப் பைலேர்ந்து எடுத்துச் சும்மா கைல வெச்சுக்கிட்டா. அவ்வளவுதான். வேன் வெறும் வேனாப் போச்சு."

அக்கா அந்தப் பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாள் என்பது அவனுக்கு இரண்டு நாளில் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து, சட்டையெல்லாம் அழுக்கேறிய பிறகு, தொழிற்சாலை வாசலில் போய் நின்றான். சங்கு ஊதியதும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அக்காவும் வந்தாள்.

"அக்கா, நான் நல்ல எண்ணத்துலதான்..."

"சாப்பிட்டியா?" என்றாள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

"கத்துக்கோ" என்றாள். "என்னப் பத்தி யாருகிட்டயாவது பேசணும்னா முதல்ல என்கிட்ட வந்து பேசு. இங்கதான் இருக்கேன். இப்பப் பேசணுமா? பேசு."

பேசியிருக்கலாம். நான் செய்தது தப்பு என்று ஓர் ஆறு வயதுப் பிள்ளை சொல்கிறதைச் சொல்லியிருக்கலாம். இவனோ தாடியைத் தடவினான். இந்தப் பிரச்சினைக்கு இரண்டு தரப்பிலும் வரலாற்றுக் காரணங்கள் இருப்பதாக ஆரம்பித்தான். அவள் ஒரு நிமிஷம் நின்று கேட்டாள். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டாள்.

இன்றைக்கும் டீக்கடையில் யாராவது, "அக்கா எங்கப்பா, ஆளையே காணோம்" என்று கேட்டால், முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு, "பேச்சுவார்த்தை நடந்துகிட்டிருக்கு" என்கிறான். யாரோடு நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு மணி நேரம் பேசுவான்.