பூவார்ப் பொழியில் அண்ணன் ஊன்றிய கழி

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிற இன்று, படகேறி வந்து ஜெபத்தில் கலந்துகொண்டு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் பூவாரைச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கத்து உறவுகள் பலர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் இங்கே வந்து, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடித்தவர்கள். அவர்களுக்காக ஊரைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

மலையிலிருந்து வரும் நெய்யாறு, கடல் கண்ணுக்குத் தெரிகிற இடம்வரை வந்துவிட்டு, நேரே போய்ச் சேராமல் ஒரு மணல்திட்டுக்குப் பின்னால் காயலாகப் பரந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர், நடுவில் மணல். ஆறு கடலில் சேரும் அந்த வாயைத்தான் பொழி என்கிறோம். கோடையில் மணல் அதை அடைத்துவிடும். மழையில் காயல் நிரம்பினால் ஊர் கூடி மணலை வெட்டித் திறக்க வேண்டும். போன வருஷம் திறந்த இடத்திலேயே இந்த வருஷமும் திறக்கும் என்று சொல்ல முடியாது. பூவாரை ஒருமுறை படமாக வரைந்து சுவரில் மாட்டினால், அடுத்த மழைக்கு அது பொய்யாகிவிடும்.

எங்கள் அப்பா கொல்லங்கோட்டிலிருந்து தேங்காய் மட்டை ஏற்றும் வள்ளத்தோடு இங்கே வந்தவர். அண்ணன் காயலின் கிழக்குக் கரையில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, பதினைந்து வயதில் வள்ளத்தின் கழி அண்ணன் கைக்கு வந்தது. அந்தக் கழியை வைத்துத்தான் என்னைப் பத்தாம் வகுப்புவரை படிக்க வைத்தார். பொழிக்குத் தெற்கே வாங்கிய சின்னத் தென்னந்தோப்பைச் சீதனமாகக் கொடுத்துக் கட்டிக்கொடுத்தார். தமக்கென்று ஒரு நல்ல சட்டை எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளில் ரிசார்ட்டுகள் வந்தன. படகில் மட்டுமே போகக்கூடிய காட்டேஜ்கள், தண்ணீரில் மிதக்கும் அறைகள். அண்ணன் ஒரு ரிசார்ட்டில் படகோட்டியாகச் சேர்ந்தார். விருந்தாளிகளுக்கு ஊர்ச் சரித்திரம் சொல்வதும் அவர் வேலையாயிற்று. ஆற்றில் பூக்கள் மிதந்து வந்ததைக் கண்டு ஒரு ராஜா ஊருக்குப் பெயர் வைத்த கதை எல்லாருக்கும் உண்டு. வெள்ளைக்காரர்கள் ஏறினால் சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் வந்து மரம் ஏற்றிப் போகும். புதுமணத் தம்பதிகளுக்கு மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தார், அதை இங்கே எழுத முடியாது. கதை என்றால் தாராளமாகக் கூட்டுவார். பொழி விஷயத்தில் மட்டும் ஒரு சாண் கூட்டமாட்டார்.

பொழி வெட்ட ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரை அறிந்த ஒருவர் மணலில் அங்கங்கே கழியை இறக்கிப் பார்த்து, அடியில் ஆற்றின் தடம் எங்கே இருக்கிறதோ அங்கே ஊன்றுவார். ஊன்றிய பிறகு யாரும் மறுத்துப் பேசக்கூடாது. தப்பான இடத்தில் வெட்டினால் அடுத்த அலை ஏற்றத்திலேயே கடல் மணலைக் கொண்டுவந்து மூடிவிடும். அப்பாவுக்குப் பிறகு அந்தக் கழியை ஊன்றுவது அண்ணன்தான்.

ஒரு ஐப்பசி மழையில் கிழக்குக் கரை வீடுகளுக்குள் முட்டளவு தண்ணீர். பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தோம். விடிந்ததும் எல்லாரும் மண்வெட்டியோடு பொழிக்குப் போனோம். ரிசார்ட் மேனேஜரும் வந்திருந்தார்.

“சேட்டா, காட்டேஜுக்கு முன்னாடி மட்டும் வெட்டண்டா, கேட்டோ. வேற எங்கயாச்சும் நோக்கணும்,” என்று மலையாளமும் தமிழுமாகத் தடுத்தார்.

அண்ணன் கழியை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினார். வடக்கே காட்டேஜ்களின் முன்னால் நான்கு இடத்தில் கழியை இறக்கினார். பிறகு தெற்கே நடந்து, என் தென்னந்தோப்பின் ஓரத்தில் ஊன்றினார்.

மறுத்துப் பேசக்கூடாத இடத்தில் நான் பேசினேன். “சம்பளம் தாறவனுக்கு வேண்டி கூடப்பொறந்தவ வயித்துல வெட்டுதியே அண்ணே,” என்றேன். ஊரே கேட்டது.

“ஆறு இஞ்சதான் கெடக்கு மக்கா. நானா கொண்டுவந்து போட்டேன்?” என்றார். முதல் வெட்டை அவரே வெட்டினார்.

மதியத்துக்குள் வீடுகளிலிருந்து தண்ணீர் இறங்கியது. மூன்றாம் நாள் பொழி தெற்கே அகன்று என் தோப்பைக் கொண்டுபோனது. நான் அண்ணனோடு பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த மாதமே அண்ணன் ரிசார்ட் யூனிபாரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தச் சின்னப் படகுக்கு மாறினார். ரோஷம் என்று நினைத்தேன். அண்ணன் மனைவியான மைனியிடம் அவர் சொன்னது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. “தங்கச்சி சொன்னத ஊரு கேட்டுப்போச்சு. நான் அவங்கிட்ட சம்பளம் வாங்குற வர ஒருத்தனும் இந்தக் கழிய நம்பமாட்டான். நம்பாம ரெண்டு எடத்துல வெட்டுனா வீடெல்லாம் போவும்.”

இரண்டு மழை கழித்து அண்ணன் காட்டேஜ்களுக்கு நேர் முன்னால் கழியை ஊன்றினார். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, வெட்டினார்கள். ரிசார்ட்டின் மரப்பாலம் போயிற்று. அன்று நானும் மணல் சுமந்தேன். “சாப்பிட்டியா?” என்று கேட்டார். “சாப்பிட்டேன்,” என்றேன். அதோடு எங்கள் சண்டை முடிந்தது. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். ஆனால் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அண்ணனுக்கு இரத்தம் கொடுத்த படகோட்டித் தம்பிமார்களுக்கும், இரவும் பகலும் துணையிருந்த சபையாருக்கும், மைனியைத் தனியே விடாத அயல்வீட்டாருக்கும், யாரும் கேட்காமலே சவப்பெட்டியைக் காயலுக்கு அக்கரை சேர்க்கப் பெரிய படகை அனுப்பிய அந்த மேனேஜருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அன்று நான் சொன்னதைப் பொழியில் நின்ற எல்லாரும் கேட்டீர்கள். அதைத் திரும்ப வாங்க அண்ணன் உயிரோடிருந்தபோது எனக்கு வாய் வரவில்லை. அன்று கேட்ட எல்லார் கைக்கும் இந்த மலர் வருகிறது. அதனால் இதில் எழுதுகிறேன். நான் சொன்னது பொய். ஆறு என் தோப்பில்தான் கிடந்தது.

அன்புத் தங்கை