சந்தனப் பொட்டு வைத்த பாட்டுப்பெட்டி

உப்புக்காற்று அடிக்கும் போர்ட் பிளேரில், சாவி கொடுத்தால் பாடும் பழைய பாட்டுப்பெட்டிகளை ரிப்பேர் செய்கிறேன். துரு எனக்குச் சோறு போடுகிறது, தொட்டுக்கொள்ள ஏதாவது வாடிக்கையாளர்கள் கொண்டுவருகிறார்கள். அண்ணன் என்பதற்கு இந்தியில் பய்யா, இங்கே பலருக்கும் நான் பய்யாதான். ரேடியோ, மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் அன்பர்களே, இது உங்களுக்கும் புதிதாக இருக்காது.

தோட்டத்து எண்ணெய்

ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் வைத்திருப்பவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்தால் உள்ளே அப்பளம் பொரிக்கும் அளவுக்குத் தேங்காய் எண்ணெய். பாட்டு இழுத்ததாம், ஊற்றினாராம். என்ன சார் இது என்றேன். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"நம்ம தோட்டத்து எண்ணெய் பய்யா, கலப்படமே கிடையாது."

ஆயுத பூஜை

புரோத்ராபூர் சரோஜா அக்காவின் பெட்டி வேறு ரகம். உருளையில் இருக்கும் குட்டி முட்கள் எஃகுச் சீப்பின் பற்களை மீட்டினால் பாட்டு வரும். அக்கா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்தச் சீப்புக்கே சந்தனம் வைத்திருக்கிறார். அது பல்லிடுக்கில் கல்லாக இறுகிவிட்டது. அவசரப்பட்டுச் சாவி கொடுத்தால் பல் முறியும். மாற்றுச் சீப்பு மெயின்லாண்டிலும் கிடைக்காது.

அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த மகள் கவிதா கல்யாணமாகி வெள்ளிக்கிழமை கப்பலில் சென்னைக்குப் போகிறாள். பெட்டியும் கூட வரவேண்டும் என்று பிடிவாதம். மெஷினுக்குப் போய் யாராவது சந்தனம் வைப்பார்களா என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

"அரே, உங்க ஸ்க்ரூடிரைவருக்கே பொட்டு வச்சிருக்கீங்களே பய்யா."

மாப்பிள்ளை

கவிதாவின் மாப்பிள்ளை தினமும் கடைக்கு வந்தார். நான் பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்ட, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெட்டி பாடாவிட்டால் கப்பலேற மாட்டேன் என்று கவிதா சொல்லிவிட்டாளாம்.

"அவ வராம நான் எங்கண்ணே போறது? உங்க கடையிலயே உக்காந்துடுறேன்."

வியாழக்கிழமை சாயங்காலம்

அக்கா வீட்டில் வைத்துச் சாவி கொடுத்தேன். முதலில் ஒரு சுரம் வந்தது, பிறகு பாட்டு முழுசாகவே வந்தது. கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே போய்க் கிண்ணத்தோடு வந்தார். வேண்டாம் அக்கா என்று நான் எட்டுவதற்குள், சீப்பின் நடுவில் ஈரச் சந்தனம்.

"கடல் தாண்டிப் போகுது பய்யா, கண்ணு பட்டுடக் கூடாதுல்ல."

வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பும்வரை கப்பல் துறையில் குந்தி அதைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் சொல்கிறேன்: துருவுக்கு எண்ணெய் போதும், பாசத்துக்குத்தான் பல்குச்சி வேண்டியிருக்கிறது.