அக்காவின் சமூக அறிவியல் நோட்டு

பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டீச்சர் கையெழுத்து வாங்கிய நோட்டைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினால், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பிள்ளை மேல் எனக்கென்ன கோபம்? விருத்தாசலத்தில் நாங்கள் படித்த அந்தத் தனியார் பள்ளியின் மேல்தான் கோபம். அதில் பாதி என் மேலும்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது. அதற்கு முந்தைய வருஷம், பெண்ணாடம் ரோட்டில் கரும்பு ஏற்றிப்போன டிராக்டரை முந்தப் போய் அப்பாவின் வண்டி சறுக்கியது. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தலையில் அடி. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள். பேச்சு வர ஒரு மாதம் ஆனது, நடக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. முடி வளர்ந்து தழும்பை மூடியதும் தெருவே சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டது. “பாக்க நல்லாத்தான இருக்குது பொண்ணு, இன்னும் என்னா?” இந்த ‘இன்னும் என்னா’வைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்குக் காது புளித்துப்போனது.

பார்க்க நல்லாத்தான் இருந்தாள். ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் காதைப் பொத்திக்கொள்வாள். மூன்றாவது வரி எழுதும்போது முதல் வரி மறந்துவிடும். மத்தியானமானால் துவண்டு போவாள். வலது கை பேனாவைப் பிடிக்கும், ஆனால் சொன்ன பேச்சுக் கேட்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரியாகும், அவசரப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். மதியம் வரை வகுப்பு போதும், பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டும், அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். மூன்றே விஷயம்.

அம்மாவுக்குப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த சுடாத பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, ஒட்டே தெரியாமல் ஆக்க வேண்டும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, புடவையில் வெள்ளைத் தூளோடு போய் அந்தக் கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தாள். அவர் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். அதில் இருந்த எதையும் செய்யவில்லை. அதில் இல்லாத ஒன்றை மட்டும் செய்தார். ஏழாம் வகுப்புக்குப் போகவேண்டிய அக்காவை என் வகுப்பில், என் பக்கத்தில் உட்கார வைத்தார்.

அந்தப் பள்ளியில் படிப்பு என்றால் நோட்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரி பிள்ளைகளை ஒரு கேள்வி கேட்க மாட்டார். நோட்டு முடிந்திருக்கிறதா, டீச்சர் திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று புரட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அக்காவின் சமூக அறிவியல் நோட்டில் ஐந்து பாடங்கள் வெறும் தாளாகக் கிடந்தன. ஆய்வு வருகிறது என்று தெரிந்ததும் வகுப்பாசிரியை அதை என் கையில் திணித்தார்.

“ஒங்க அக்காதான, நீயே எழுதி முடிச்சி குடுத்துடு. அவ எழுத்து மாரியே இருக்கணும், பாத்துக்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவின் பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவளுடைய சாய்ந்த எழுத்தைப் பழகினேன். பள்ளி விட்டு வந்ததும் அவள் களைத்துப் படுத்திருப்பாள், நான் கட்டிலோரம் உட்கார்ந்து எழுதுவேன். ஒருநாள் எழுந்து எட்டிப் பார்த்தவள், “என் எழுத்து மாரியே இருக்குதுடி” என்று சிரித்தாள். அதிகாரி வந்தார், புரட்டினார், போனார். டீச்சர் என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

அரையாண்டுப் பரீட்சையில் அக்கா அரைப் பக்கம் எழுதிவிட்டு மேசையில் தலை சாய்த்துவிட்டாள். எல்லாப் பாடத்திலும் ஃபெயில். அம்மா மறுபடி லீவு போட்டு வந்தாள். தலைமையாசிரியை அறையில் அம்மாவும் அக்காவும் நானும் நின்றோம், ஓரத்தில் வகுப்பாசிரியை. கடிதத்தில் இருப்பதைச் செய்யுங்கள் என்று அம்மா கேட்டதும், தலைமையாசிரியை அந்த நோட்டை எடுத்து மேசையில் போட்டார்.

“பாருங்க, முத்து முத்தா எழுதியிருக்கா. ஒரு பக்கம் பாக்கி இல்ல. இவளுக்கு எதுக்குங்க எழுத ஆளு? பரீட்சைன்னா மட்டும் கை வரலன்னா அது நடிப்பு.”

நடிப்பு! மண்டையைத் திறந்து தைத்த பிள்ளையைப் பார்த்து, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராகவே சொன்ன வார்த்தை.

அம்மா நோட்டைப் புரட்டினாள். நாள் முழுக்க ஒட்டுத் தேடுகிற கண்கள். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“இது எம் பெரிய பொண்ணு எழுத்து இல்லீங்க மேடம்.”

“அப்ப யாரு எழுதுனது?”

நான் வகுப்பாசிரியையைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரோ சுவரில் இருந்த காலண்டரை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா பேசினாள். நாலு சொல் கோப்பதற்குத் திணறுகிறவள், அன்று திணறவில்லை.

“நான்தான் மேடம் எழுதுனேன்.”

“கேட்டுக்கிட்டீங்களா? ஒங்க பொண்ணே சொல்றா.”

அம்மா நோட்டை மூடி மேசையில் வைத்தாள். பெற்ற பிள்ளையைப் பொய்க்காரி என்று அந்த அறையில் எப்படிச் சொல்வாள்? கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்து அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். ரிசல்ட்டு கெட்டுப்போகும், வேறு ஸ்கூலு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த வாரமே அக்காவுக்கு டிசி கொடுத்துவிட்டார்கள். நான் அங்கேயே படித்தேன்.

மறுவருஷம் அரசுப் பள்ளியில் அக்காவைச் சேர்த்தார்கள். அங்கே அந்தக் கடிதத்தை உட்கார்ந்து படித்தார்கள். மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள், எழுத ஆள் போட்டார்கள். நேரம் எடுத்து எடுத்துப் பன்னிரண்டாவது வரை முடித்தாள். இப்போது இ-சேவை மையத்தில் ஊரார் மனுவெல்லாம் அவள்தான் டைப் செய்கிறாள். காகிதத்தில் இருந்த மூன்று விஷயத்தைச் செய்ய ஒரு பள்ளிக்கு மனசு இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. நடுவில் வீணாய்ப்போனது அவள் வருஷம்.

அவள் மறந்துபோய்த்தான் அப்படிச் சொன்னாள் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அவள் மறதி என்னைக் காப்பாற்றியதற்காகச் சாமியைக்கூடக் கும்பிட்டேன். போன பொங்கலுக்கு வந்தவளிடம் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன்.

“மறந்தெல்லாம் போவலடி. நீ கட்டிலோரம் குந்திக்கினு எழுதுனது இன்னிக்கும் கண்ணுல நிக்குது. நெசத்த சொன்னா டீச்சரு ஒன்னத்தான மாட்டி வுட்டிருப்பாங்க? ரெண்டு பேருக்கும் சேத்து டிசி குடுத்திருப்பாங்க. ஒருத்தியாவது இருக்கட்டும்னு பாத்தேன்.”

அன்றைக்கு அந்த அறையை விட்டு வந்து, அம்மாவுக்குப் பின்னால் நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம். வழியெல்லாம் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ரோட்டைத் தாண்டப் பயப்படுகிறாள், பாவம், என்று நான் நினைத்துக்கொண்டேன்.