கல்லில் மிஞ்சிய தழை

இது நடந்தது. சந்தேகம் இருக்கிறவர்கள் மம்சாபுரத்துக்கு வந்து ஜெயசித்ராவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவளுடைய அண்ணனைக் குடிகாரன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடி விழும்.

அண்ணன் வேல்பாண்டி, மலைக்காட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற கைடு. போன ஐப்பசியில் காட்டாறு அவனை அடித்துக்கொண்டு போனது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. டிரிப் நடத்துகிற வினோத், "குடிச்சுட்டு ஓடையில இறங்கிட்டான்" என்று போலீஸில் எழுதிக் கொடுத்தான். வேல்பாண்டி பீர் நாற்றம் அடித்தாலே எழுந்து போகிறவன்! துக்கம் கேட்கக்கூட வராத வினோத்துக்கு ஜெயசித்ராவின் முகம் தெரியாது. பங்குனியில் ராஜபாளையம் போய், அவன் டிரிப்பிலேயே ஒரு டிக்கெட் போட்டாள். அண்ணன் செத்த இடத்தில் வைத்து அவன் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்க வேண்டும்.

பகல் 1:40. காட்டு வாசலில் காவல்சாமி கல். மேலே போகிறவர்கள் ஆளுக்கொரு தழை ஒடித்து அதில் வைக்க வேண்டும். இறங்கும்போது அவரவர் தழையை எடுத்துவிட வேண்டும். தழை மிஞ்சினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். டிரிப்புக்கு வந்த ஐந்து பேரும் வைத்தார்கள். கல்லில் ஏற்கெனவே ஒரு பச்சைத் தழை கிடந்தது.

வினோத் வைக்கவில்லை. அவன் என்றைக்குமே வைத்ததில்லை.

"இதெல்லாம் வேலையத்தவன் பாக்குறது. வாங்க."

2:25. மரங்கள் நெருங்கி வெயில் காணாமல் போனது. மேலே ஒரு சாம்பல் அணில் கிளை தாவியது. வினோத் கதை அளந்துகொண்டே நடந்தான். சட்டென்று அணில் அப்படியே நின்றது. சில்வண்டுச் சத்தமும் நின்றது...

2:50. ஓடை. சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் சூடான பாறையில் ஈரக் கால்தடம்... வினோத்தின் முதுகுக்குப் பின்னால் வந்து முடிந்திருந்தது.

அப்போது விசில்.

இரண்டு சின்னது... ஒன்று நீளம்...

தண்ணீர் வருகிறது, கரையேறு. வேல்பாண்டி கொடுக்கிற அடையாளம்.

வினோத் அலறிக்கொண்டு கரைக்கு ஓடினான்.

"கேட்டுச்சுலே வேலு... அன்னைக்கும் கேட்டுச்சு! வீடியோ முடியட்டும்னுதாம்லே ஆளுகள ஓடையில நிறுத்துனேன்! அவுகளக் கரையேத்தத்தாம்லே நீ இறங்குன!"

ஓடை வறண்டே கிடந்தது.

ஜெயசித்ரா அவன் சட்டையைப் பிடித்தாள். "நான் வேல்பாண்டி தங்கச்சிடா. இத போலீஸ்ல வந்து சொல்லு."

அவனுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் சிரித்தான். "எவன் நம்புவான்? போடி."

4:35. காட்டு வாசலுக்கு இறங்கி வந்து ஐந்து பேரும் தழையை எடுத்தார்கள். அந்த ஒன்று மட்டும் கிடந்தது. நனைந்திருந்தது.

"உங்க அண்ணன் வச்சது தாயி," என்றார் வேல்பாண்டி வீட்டை அறிந்த காட்டு வாட்சர் காளிராஜ். "ஐப்பசியில இருந்து காயவே மாட்டேங்கு. சொந்தக்காரவுக எடுத்தாத்தான் அவன் வெளிய வருவான். எடுத்துரு."

கையை நீட்டினாள். அங்கே வினோத் ஜீப்பில் சாய்ந்துகொண்டு அடுத்த டிரிப்புக்குப் போனில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"கெடக்கட்டும்ண்ணே. அவனுக்கு இன்னும் சோலி இருக்கு."

அடுத்த ஞாயிறு, சாயங்காலம் 5:10. காளிராஜிடமிருந்து போன். போனவர்கள் எல்லாரும் இறங்கி, அவரவர் தழையை எடுத்துவிட்டார்கள். ஓடையில் யாரோ விசில் அடித்தார்களாம். திரும்பிப் பார்த்தால் வினோத் இல்லையாம்.

"அவன் இன்னைக்கும் தழை வைக்கல தாயி. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்..."

இன்னொரு தடவை எண்ணிவிட்டு வந்து பேசினார்.

"கல்லுல இப்ப ரெண்டு தழை கெடக்கு."