ஏதென்ஸுக்குப் போன கட்டில்

கல்லூரியில் நான் எடுத்தது பழைய கிரேக்க, லத்தீன் இலக்கியம். அபுதாபியில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவை ஒரு பெண் தேடித்தர முடியுமென்றால் எனக்கும் சொல்லுங்கள். விருந்துகளில் மற்றவர்கள் தங்கள் பல் டாக்டர்களையும் கம்ப்யூட்டர் மேதைகளையும் காட்டி முடித்ததும், அப்பா என்னைக் காட்டுவார்: "ஹிஸ்டரி மாதிரிதான் சார். வேலை மட்டும் கிடைக்காது."

கடைசி வருடம் ஆனர்ஸுக்காக ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அது தேறினால் வெளிநாட்டில் மேற்படிப்பு. தேறாவிட்டால், கோடையில் ரிட்டையராகும் அப்பாவின் விசாவோடு என் விசாவும் கலாஸ். மூட்டை கட்டித் திருச்சிக்குப் போக வேண்டியதுதான். திருச்சி எனக்கு லீவில் போய் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும் ஊர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே, முசஃபா பஸ் நிற்கும் தெருவில்.

தலைப்பை நானேதான் பிடித்தேன்: ஏதென்ஸில் குடியேறிப் பிழைத்த வெளியூர்க்காரர்கள். எத்தனை தலைமுறை இருந்தாலும் அவர்கள் குடிமக்கள் ஆக முடியாது. அங்கே இருப்பதற்கே வரி உண்டு. அவர்களுக்குப் பொறுப்பாக உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். சாப்பாட்டு மேஜையில் இதைச் சொன்னதும் அப்பாவின் கை பாதியில் நின்றது.

"அந்தக் காலத்துலயே விசா குடுக்குற கஃபீல் இருந்தானா?"

"இருந்தான்ப்பா."

"பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டானா?"

"பாஸ்போர்ட்டே கிடையாது."

"குடுத்து வச்சவங்க," என்று தயிரை ஊற்றிக்கொண்டார்.

மூன்றாவது அத்தியாயத்தை வெறி பிடித்ததுபோல் எழுதினேன். இந்த வெளியூர்க்காரர்கள் வாயைக் கட்டிச் சேர்த்தார்கள், சொந்த ஊரில் வீடு கட்டிப் பூட்டிப் போட்டார்கள், என்றைக்குத் திரும்புவோம் என்று காத்திருந்தார்கள். என் பேராசிரியை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே?"

தேடினேன். ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அதை நான் எடுத்தது எங்கள் பில்டிங்கிலிருந்து அல்லவா. இங்கே எல்லா வீட்டுக்காரர்களும் அடுத்த வருடம் ஊருக்குப் போகிறவர்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அடுத்த வருடம்தான். என் கட்டில் எல்கேஜியிலிருந்து ஆடுகிறது. மாற்றச் சொன்னால் அம்மா, "போகப் போறோம்ல, இப்ப எதுக்குப் புதுசு?" என்பாள். அந்த ஆடும் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் ஏதென்ஸில் போட்டிருக்கிறேன், மகா ஆராய்ச்சியாளர் நான்.

"அவர்களில் பலர் போகவே இல்லை," என்றார் பேராசிரியை. "கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன. போய்ப் படி."

அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். எரிச்சலில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊருக்கு அனுப்பும் கார்கோவுக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"திரும்பிப் போகவே இல்லையா?"

"நிறைய பேர் போகலப்பா. அங்கயே கல்லு வச்சிருக்காங்க. பேரு, கீழ சொந்த ஊரு."

அவர் டேப்பின் முனையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தைச் சமர்ப்பணத்துக்கு வைத்திருந்தேன். அந்தக் கற்களில் உள்ள மாதிரியே அப்பாவின் பெயரைப் போட்டு, கீழே திருச்சி என்று எழுதி, அவரிடம் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நான் இன்னும் சாகலையேம்மா," என்றார். பிறகு கீழ் வரியில் விரலை வைத்து, "திருச்சி எதுக்கு? அபுதாபின்னு போடேன்."

"அப்படிப் போட மாட்டாங்கப்பா. எத்தனை வருஷம் இருந்தாலும் வந்த ஊரைத்தான் போடுவாங்க."

"அங்கயுமா?" என்றார்.

உட்கார்ந்து அபுதாபி என்று மாற்றினேன். முறைப்படி அது தப்பு. அப்படி ஒரு கல் எங்கும் கிடையாது. ஆய்வேடு தேறியது. எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையால் கேள்வி எழுதியிருந்த பேராசிரியை, முதல் பக்கத்துக்கு மட்டும் ஆதாரம் கேட்கவில்லை.