உறுமாத நாய்

அக்கா எப்போது போன் செய்தாலும் முதல் கேள்வி, "சாப்டியா?" அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அதைக் கேட்கவில்லை.

"மாமாவ செவல கடிச்சிட்டுதுடி. கையில. நல்லா ஆழமா பட்டிருக்குது."

செவலை அவர்கள் வீட்டு நாய். நாட்டு நாய்தான். செம்மண் நிறம். என் அக்கா மகள் காயத்ரி தன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மழையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். பிறகு அவள் கல்யாணமாகி கோயம்புத்தூர் போய்விட்டாள். நாய் அக்காவிடமும் மாமாவிடமும் தங்கிவிட்டது.

யாரையும் கடித்ததில்லை. குரைப்பது கூட அளவாகத்தான். 'பி.டி. மாஸ்டர் வீட்டு நாய்னா சும்மாவா' என்று தெருவில் சொல்வார்கள். மாமா உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் எடுத்து வாயில் வைத்தாலே மைதானம் அடங்கிவிடும் என்பது விழுப்புரத்தில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும்.

அப்படிப்பட்டவரையா கடித்தது?

நான் இருப்பது திண்டிவனத்தில். கிடைத்த பஸ்ஸில் ஏறி, பத்து மணிக்குள் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்தார். வலது கையில் பெரிய கட்டு. கடிபட்டதும் அக்கா குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு ரொம்ப நேரம் கழுவியிருக்கிறாள். டாக்டர் அதை நல்ல வேலை என்றாராம். ஊசி போட்டு, அடுத்தடுத்த ஊசிகளுக்கு எப்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டிருந்தாலும் பத்து நாளைக்கு அதை வீட்டிலேயே வைத்துக் கவனிக்க வேண்டும்.

"பத்து நாள் முடியட்டும்" என்றார் மாமா. "அப்பறம் ஆட்டோவுல ஏத்திக்கினு போய் கூட்டேரிப்பட்டு தாண்டி வுட்டுட்டு வந்துடறேன்."

கூட்டேரிப்பட்டு தாண்டி என்றால் நெடுஞ்சாலை. சற்று முன் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வந்திருந்தேன். அங்கே விடப்படும் நாய்கள் என்ன ஆகின்றன என்று ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற எல்லோருக்கும் தெரியும்.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கை ஈரமாகவே இல்லை.

"மாமா, கொஞ்சம் யோசிக்கலாமே..."

"இன்னா யோசிக்கிறது? லீவுக்கு நிலா வருது. நாலு வயசுக் கொழந்த. கோவத்தக் காட்டிட்டு கடிச்சிருந்தாலும் பரவால்ல, உஷாரா இருக்கலாம். இது ஒண்ணுமே சொல்லாம கடிச்ச நாய். நாளைக்கு கொழந்த மூஞ்சியில வாய வச்சுதுன்னா காயத்ரிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? நாய்மீது பாசம் இருக்கலாம்... பேத்தியின் முகத்தைவிடவா?

செவலையைப் பின்பக்கம் கட்டியிருந்தார்கள். நான் போனதும் வாலை ஒரு தடவை அசைத்தது. எழுந்திருக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி தரையில் வைத்துக்கொண்டது. அதன் முகத்தில் குற்ற உணர்ச்சி தெரிகிறதா என்று தேடினேன். நாம் எல்லோரும் அதைத்தானே முதலில் தேடுகிறோம்?

என் தோழி ஒருத்தி, தன் நாய்க்குப் பயிற்சி கொடுக்கப் புதுச்சேரியிலிருந்து கல்பனா என்ற பெண் வருவதாகச் சொல்லியிருந்தாள். நம்பர் வாங்கிப் பேசினேன். முழுக்கக் கேட்டார். நடுவில் குறுக்கிடவே இல்லை. கடைசியில், "நான் வர்றது இருக்கட்டும். முதல்ல கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. உடம்புல எங்கயாவது வலி இருந்தா, அதை வச்சுக்கிட்டு நான் பயிற்சி குடுக்கிறதுல அர்த்தம் இல்லை" என்றார்.

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அக்காதான் பிடித்துக்கொண்டாள். வாயைத் துணியால் கட்டிவிட்டு, டாக்டர் டார்ச் அடித்து இடது காதுக்குள் பார்த்தார். பார்த்தவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"உள்ள முழுக்கப் புண்ணு. சீழ் புடிச்சிருக்கு. ரொம்ப நாளா வலிச்சிருக்கும்மா. தலைய ஆட்டிக்கினே இருக்குமே, கவனிக்கலையா?"

கவனித்திருக்கிறார்கள். ஈ தொல்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

மாமாவுக்கு ஒரு பழக்கம். காலையில் நடந்துவிட்டு வந்ததும் செவலையின் இரண்டு காதையும் பிடித்துத் தலையைச் செல்லமாக ஆட்டுவார். கடித்த அன்றும் அதைத்தான் செய்திருக்கிறார். அடிக்கப் போய்க் கடி வாங்கியிருந்தால்கூட மனசு ஒருவாறு ஏற்றுக்கொள்ளும். கொஞ்சப் போய் வாங்கியிருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னபோது மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வலிச்சா சொல்லியிருக்கணும்ல" என்றார். நாயிடமா, எங்களிடமா... தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கல்பனா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பிரம்பு இல்லை, கழுத்தை இறுக்கும் சங்கிலி இல்லை. இடுப்பில் ஒரு சின்னப் பை, அதில் வேகவைத்த கோழித் துண்டுகள். செவலைக்கு எதிரே போய் நிற்கவில்லை. சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, அதைப் பார்க்காமல் எங்களோடு பேசினார். நடுநடுவே ஒரு துண்டை அதன் பக்கம் போட்டார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் செவலை அவர் முழங்கையை மோந்து பார்த்தது.

"கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுச்சா சார்?"

"உறுமாது. அந்தப் பழக்கமே கெடையாது."

"எப்பவுமேவா?"

மாமா லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறேழு மாசத்துக்கு முன்னாடி ஒருவாட்டி உறுமுச்சி. என்னையே. செருப்பால நாலு போட்டேன். மறுநாள் ஒருவாட்டி. அன்னிக்கும் வாங்குச்சி. அதோட சரி. வாயத் தொறக்கல."

சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பிறகு கல்பனாவின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெருமை அப்படியே நின்றுவிட்டது.

"சார், நான் தப்பு சொல்றதா நினைக்காதீங்க" என்றார் கல்பனா. "ஒருத்தன் வண்டியில ஹாரன் சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு ஒயரைப் புடுங்கிட்டா, அந்த வண்டி மோதாதா? மோதும். சொல்லாம மோதும். உறுமல் இருக்கே, அது திமிர் இல்ல சார். 'வேணாம், விலகிக்கோ'ன்னு சொல்றது. அதுகிட்ட இருக்கிற மரியாதையான வார்த்தை அது ஒண்ணுதான். அதைச் சொன்னதுக்கு அடி விழுந்துச்சு. அதனால சொல்றதை விட்டுடுச்சு. வலி மட்டும் போகல."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். காபி போட என்று நினைத்தேன். வெகுநேரம் அடுப்படியில் எந்தச் சத்தமும் இல்லை.

எனக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த உறுமல் நினைப்புதான். சத்தம் இல்லாத வீட்டை நாம் நல்ல வீடு என்கிறோம். எதிர்த்துப் பேசாத பிள்ளையை நல்ல பிள்ளை என்கிறோம். வாய் மூடியிருந்தால் போதும், உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எப்படித்தான் முடிவு கட்டிவிடுகிறோமோ?

அன்று கிளம்புவதற்கு முன் கல்பனா இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். "இனிமே கடிக்கவே கடிக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அப்படிப் பண்ற ட்ரெயினர் யாராவது வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க. ஹாலுக்கும் பின்கட்டுக்கும் நடுவுல ஒரு கதவு போடுங்க. கொழந்தையும் நாயும் பெரியவங்க இல்லாம ஒரு நிமிஷம்கூட ஒண்ணா இருக்கக் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் நான் தொடர்ந்து வருவேன்."

முடிவு மாமாவுடையது. எல்லோரும் அவரையே பார்த்தோம். கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கதவுக்கு அளவெடுக்க ஆளக் கூப்டு" என்றார் அக்காவிடம்.

பயிற்சி என்றதும் நான் 'உட்கார், எழுந்திரு' எல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். முதல் பாடமே மாமாவுக்குத்தான்: நாயைத் தொடக் கூடாது. சோற்றுத் தட்டை வைக்க வேண்டும், திரும்பி வந்துவிட வேண்டும். அது சாப்பிடும்போது தூரத்திலிருந்து ஒரு கறித் துண்டு போட வேண்டும், போய்விட வேண்டும். 'நான் வந்தால் நல்லது நடக்கும், கெட்டது நடக்காது' என்று அதுவாகப் புரிந்துகொள்ளும்வரை. மைதானத்தையே ஒரு விசிலில் அடக்கிய மனுஷன், வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒரு நாய் தன்னை எப்போது திரும்பிப் பார்க்கும் என்று காத்திருந்தார்.

காதுக்கு மருந்து விடுவதற்கும் ஒரு முறை இருந்தது. மடியில் ஒரு துண்டை மடித்து வைக்க வேண்டும். செவலை தானாக வந்து தாடையை அதில் வைத்தால் சம்மதம். தலையைத் தூக்கினால் வேண்டாம் என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட வேண்டும். அக்காவிடம் ஒரு வாரத்தில் தாடையை வைத்தது. மாமாவிடம் வரவில்லை.

அடுத்த முறை நான் போயிருந்தபோது அது நடந்தது. மாமா துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். செவலை வந்தது. முதல்முறையாகத் தாடையை வைத்தது. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அவசரத்தில் மருந்து பாட்டிலோடு கை சட்டென்று காதுப் பக்கம் போனது.

செவலை உறுமியது.

மெல்லிய உறுமல்தான். மாமாவின் கை அந்தரத்தில் இருந்தது. அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைவிடக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா பாட்டிலைத் தரையில் வைத்தார். மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"சரிப்பா" என்றார். "அப்பறமா போட்டுக்கலாம். ஒண்ணும் அவசரம் இல்ல."

மாமா போனில் சொன்னபோது கல்பனா சிரித்தார். "நல்ல சேதி சார். உங்களை நம்பித்தான் திரும்பப் பேச ஆரம்பிச்சிருக்கு."

சாயங்காலம் செவலை மறுபடி வந்து தாடையை வைத்தது. மாமா ஒரு சொட்டு மட்டும் விட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

லீவுக்கு நிலா வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நாய், இந்தப் பக்கம் குழந்தை. கதவு திறக்கும்போது பெரியவர் யாராவது நடுவில். சாப்பிடும்போது, தூங்கும்போது கிட்டப் போகக் கூடாது. கூப்பிட்டால் அதுவாக வர வேண்டும், வந்தால் கழுத்துக்குக் கீழே தடவலாம். கையை எடுத்ததும் அது நகர்ந்து போனால் விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் நிலா ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். பெரியவர்களுக்குத்தான் நாளாயிற்று. காது ஆறிவிட்டது. ஆனாலும் மாமா இன்றுவரை அந்தக் காதைத் தொடுவதில்லை.

போன வாரம் நான் விழுப்புரத்தில் இருந்தேன். அக்காவும் நானும் மல்லாட்டை உரித்து, வேர்க்கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். மாமா உள்ளே வந்தார். வரும் அமாவாசைக்குத் தன் தம்பிகள் குடும்பத்தோடு மேல்மலையனூர் கோயிலுக்குப் போவதாகவும், மறுநாள் எல்லோருக்கும் நம் வீட்டில்தான் சாப்பாடு என்றும் அறிவித்தார். அப்படித்தான் எப்போதும் அறிவிப்பார். அக்காவும் எப்போதும் 'உம்' என்பாள்.

அன்றைக்கு அவள் உரிப்பதை நிறுத்தினாள்.

"என்னால அத்தினி பேருக்கு ஆக்க முடியாதுங்க. முட்டி வலிக்குது. நிக்க முடியல."

மாமாவின் புருவம் பழையபடி ஏறியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தினி நாளா?" என்றார் மாமா.

"அது ஆச்சி... ரெண்டு மூணு வருஷம்."

மாமா பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்பாட்டுக்கு ஓட்டல்ல சொல்லிக்கலாம். நாளைக்குக் காலைல கௌம்பு, டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம்."

அக்காவுக்கு முட்டி வலி இருக்கிறது என்பது, கூடப் பிறந்த எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.